நாலா, ஆறா, எட்டா, இல்லை கரண்டா? புது மசில் கார் வாங்கப் போகிறவருக்கு

மூன்று மாதமாக ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. டெக்சஸ் ஆஸ்டினில் தனியாக இருக்கும் ஒரு தம்பி. இங்கே மிச்சிகனில் நோவியில், இரண்டு குழந்தைகளோடு ஒருவர். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கும் ஒரு அண்ணன். மூன்று பேரும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: "ரொம்ப நாள் ஆசை. அமெரிக்க மசில் கார் ஒன்று வாங்கப் போறேன். எந்த எஞ்சின் எடுக்கட்டும்?"

பத்து வருடம் முன்பு என்றால் "வி8" (V வடிவில் அடுக்கிய எட்டு சிலிண்டர்) என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பேன். இப்போது முடியாது. செவ்ரலே கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் 2023 டிசம்பரில் உற்பத்தியே நின்றுபோய்விட்டன. மசில் கார் என்னும் இந்தப் பெருந்திறன் அமெரிக்க வண்டிகளில் புதிதாக வாங்க மிச்சம் இருப்பவை இரண்டு: ஃபோர்ட் மஸ்டாங்கின் ஏழாம் தலைமுறை, 2024-இல் முழுக்க மாறி வந்த டாட்ஜ் சார்ஜர். இந்த இரண்டுக்குள்ளேயே நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர், மின்மோட்டார் என்று நாலு வழி பிரிகிறது. (மின்மோட்டாரை எஞ்சின் என்று சொல்லலாமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

## முதலில் எதை வைத்து அளப்பது

குதிரைத்திறனை வைத்து ஆரம்பிக்காதீர்கள். இந்த வரிசையில் மிகக் குறைந்ததே 315 குதிரை. சாலையில் அதையே முழுசாகப் பயன்படுத்தினால் லைசென்ஸ் மிஞ்சாது.

நான் கேட்கும் முதல் கேள்வி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த வண்டி எங்கே நிற்கும் என்பது. ஆபீஸ் போகும் டிராஃபிக்கிலா, கராஜில் போர்வைக்குள்ளா? இரண்டாவது, பின் சீட்டில் யாராவது உட்காரப் போகிறார்களா? மூன்றாவது, உங்கள் ஊரில் பனி விழுமா? நாலாவது சத்தம். சிலருக்கு அது சும்மா ஓர் அலங்காரம், சிலருக்கு அதற்காகத்தான் காரே. ஐந்தாவது, கிளட்ச் மிதித்து கியர் போட வேண்டும் என்ற ஆசை உண்டா? இந்த ஒரு கேள்வியே நாலில் மூன்று வழிகளை அடைத்துவிடும்.

பணத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் விலைச் சீட்டில் இருப்பது பாதிதான். மிச்சிகனில் வண்டிப் பதிவுக் கட்டணமே காரின் பட்டியல் விலையைப் பொறுத்தது. விலை கூடிய காருக்கு வருடா வருடம் கட்டும் அந்தத் தொகையும் கூடுதல். இன்ஷூரன்ஸ் இங்கே ஏற்கனவே அதிகம். இருபத்தைந்து வயதுக்குள் இருந்து, வி8 மஸ்டாங்கின் பெயரான "ஜிடி" என்ற இரண்டு எழுத்தைச் சொன்னால் மறுமுனையில் ஒரு சின்ன மௌனம் வரும், அப்புறம்தான் தொகை வரும். ஆகவே டீலரிடம் போவதற்கு முன்னால் மாடல் பெயரைச் சொல்லி இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். நான் முதல் தடவை இதைத் தலைகீழாகச் செய்தேன்.

| | திறன் | கியர்பாக்ஸ் | ஓட்டும் சக்கரம் | எடை (சுமார்) | தொடக்க விலை (சுமார்) |
|---|---|---|---|---|---|
| மஸ்டாங் ஈகோபூஸ்ட், 2.3 லிட்டர் 4 சிலிண்டர் டர்போ | 315 | 10 வேக ஆட்டோ மட்டும் | பின் | 3,600 பவுண்டு | 32 ஆயிரம் டாலர் |
| மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8 | 480 (ஆக்டிவ் எக்ஸாஸ்டோடு 486) | 6 வேக மேனுவல் அல்லது 10 வேக ஆட்டோ | பின் | 3,850 பவுண்டு | 46 ஆயிரம் டாலர் |
| சார்ஜர் சிக்ஸ்பேக், 3.0 லிட்டர் 6 சிலிண்டர் இரட்டை டர்போ | 420 அல்லது 550 | 8 வேக ஆட்டோ மட்டும் | நாலும், விரும்பினால் பின் மட்டும் | 4,800-க்கு மேல் | 50 அல்லது 55 ஆயிரம் டாலர் |
| சார்ஜர் டேடோனா ஸ்கேட் பேக், மின்சாரம் | 670 | கியர் இல்லை | நாலும் | 5,850 பவுண்டு | 60 ஆயிரம் டாலர் |

டெலிவரிக் கட்டணமும் டீலர் தன் பங்குக்குச் சேர்ப்பதும் இதற்கு மேல்.

## நாலு சிலிண்டர்: மஸ்டாங் ஈகோபூஸ்ட்

"நாலு சிலிண்டர் மஸ்டாங்கா?" என்று சிரிப்பவர்களில் பலர் அதை ஓட்டிப் பார்க்காதவர்கள். இந்தத் தலைமுறைக்காக 2.3 லிட்டர் எஞ்சினை ஃபோர்ட் கிட்டத்தட்ட புதிதாகவே செய்தது. சிலிண்டரின் குறுக்களவைக் குறைத்து, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை 102 மில்லிமீட்டராக நீட்டினார்கள். பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராகவும் பாய்கிறது, உள்ளே வரும் காற்றோடு கலந்தும் வருகிறது. நேராக மட்டும் பாயும் எஞ்சின்களில் வால்வில் கரி படியும் பழைய வியாதிக்கு அதுதான் மருந்து. 350 பவுண்டு-அடி முறுக்குவிசை 3,000 ஆர்பிஎம்-இலேயே முழுசாக வந்துவிடுகிறது. நகரத்துக்குள் சிக்னலுக்கு சிக்னல் போகும்போது ஜிடியைவிட இது சுறுசுறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதுவே. முன்பக்கம் எடை குறைவு என்பதால் வளைவில் மூக்கு எளிதாகத் திரும்பும்.

பெட்ரோல் கணக்கு எளிது. அரசின் ஈபிஏ மதிப்பீட்டில் இது கேலனுக்கு 26 மைல், ஜிடி ஆட்டோமேட்டிக் 18 மைல். வருடம் 12,000 மைல் ஓட்டினால் வித்தியாசம் 200 கேலனுக்குக் கொஞ்சம் மேல். கேலன் மூன்றரை டாலர் என்றால் 700 டாலர் சொச்சம். இது சாதா 87 ஆக்டேனிலும் ஓடும்.

மறைந்திருக்கும் செலவு வேறு மாதிரி. மேனுவல் கியர் கிடையாது, முந்தைய தலைமுறையில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். சத்தம் சுமார்தான், அதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இன்னொன்று, பேஸ் மாடலில் ஆரம்பித்து பிரீமியம், பெர்ஃபாமன்ஸ் பேக், நல்ல ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் நாற்பதைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் நின்று பார்த்தால் ஜிடி கைக்கெட்டும் தூரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். ஈகோபூஸ்ட் எடுப்பதானால் குறைந்த விலையில் எடுங்கள். நாற்பதாயிரத்துக்கு ஈகோபூஸ்ட் வாங்கியவர்கள்தான் இரண்டு வருடத்தில் மாற்ற நினைக்கிறார்கள்.

## எட்டு: மஸ்டாங் ஜிடி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

புல்லட்டின் டப்-டப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வி8-ஐ விளக்குவது எளிது. சீராக வரும் சத்தம் நமக்குத் தூக்கத்தைத் தரும், இடைவெளி மாறி மாறி வருவதுதான் தலையைத் திருப்ப வைக்கும். இந்த 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சினில் எட்டு சிலிண்டரும் சேர்ந்து பார்த்தால் கிராங்க் 90 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒன்று வெடிக்கும், ஒழுங்காகத்தான். ஆனால் ஒரு பக்கத்து நாலை மட்டும் எடுத்துக் கேட்டால் இடைவெளி 90, 180, 270, 180 என்று போகும். அந்தப் பக்கத்து சைலன்சர் குழாய்க்குள் அடி ஒன்று நெருங்கி வரும், அடுத்தது தள்ளி வரும். அமெரிக்க வி8-இன் அந்தக் குமுறல் இந்த நொண்டித் தாளம்தான். ஸ்பீக்கரில் எவ்வளவு போட்டாலும் இருக்கையின் அடியில் அது வராது.

ஜனவரிக் காலையில் கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதல் அரை நிமிடம் ஆர்பிஎம் ஏறி நிற்கும், கதவுத் தகடு அதிரும், மாடியில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். அதற்காகவே ஆக்டிவ் எக்ஸாஸ்ட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சைலன்சர்) வைத்த வண்டிகளில் "அமைதி" முறை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை அமுக்க மறந்த நாள்களை என் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

2011-இல் முதலில் வந்த இந்த எஞ்சின் இப்போது நாலாவது பதிப்பில் இருக்கிறது. இரண்டு த்ராட்டில் வைத்து மூச்சை அகலமாக்கியிருக்கிறார்கள். டர்போ கிடையாது. 4,900 ஆர்பிஎம் வரை போனால்தான் முழு இழுவை, 7,000-க்கு மேலும் தயங்காமல் சுற்றும். ஆகவே மேனுவலில் எடுத்தால்தான் இதன் குணம் தெரியும். இன்றைக்குப் புதிய அமெரிக்க மசில் காரில் மூன்றாவது பெடல் வேண்டும் என்றால் மஸ்டாங் வி8-ஐத் தவிர வேறு கதவு இல்லை.

ஜிடிக்கு மேலே இருக்கும் 500 குதிரை மஸ்டாங், டார்க் ஹார்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். அதில் ட்ரெமெக் மேனுவல், உறுதியான கனெக்டிங் ராட், மேக்னரைட் சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு. விலை அறுபதாயிரத்தைத் தாண்டும். ரேஸ் டிராக்குக்கு மாதம் ஒரு தடவையாவது போகிறவருக்கு அது சரி. மற்றவர்கள் ஜிடி வாங்கி, மிச்சப் பணத்தில் இரண்டு செட் டயர் வாங்கலாம்.

டயர் என்றதும் நினைவு வருகிறது. பெர்ஃபாமன்ஸ் பேக் எடுத்தால் முன் டயர் 255, பின் டயர் 275 அகலம். முன்பின் மாற்றிப் போட முடியாது, பின் டயர் சீக்கிரம் தேயும். கோடை டயர் குளிரில் கல் மாதிரி இறுகிவிடும். பனி ஊரில் இருப்பவர் தனியாகக் குளிர்கால டயர் செட்டுக்கும் அதை வைக்க இடத்துக்கும் கணக்குப் போட வேண்டும். பின் சக்கர ஓட்டம் என்பதால் இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. சாதா பெட்ரோலில் ஓடும் என்றாலும் அறிவித்த குதிரைத்திறன் பிரீமியம் பெட்ரோலில் அளந்தது.

பின் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு தடவை டெஸ்ட் டிரைவுக்குக் கூட வந்தார். முன் சீட்டைச் சாய்த்து, தலையைக் குனிந்து, ஒரு காலை விட்டு, புடவை மாட்டி, திரும்ப வெளியே வந்து, "நீ போய்ட்டு வாப்பா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று ஷோரூம் சோபாவுக்குப் போய்விட்டார். அதைவிடச் சரியான விமர்சனம் நான் படித்ததில்லை.

அதே ஷோரூமில்தான் விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. "சந்தை நிலவரச் சரிக்கட்டல்: 5,000 டாலர்." பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் சிற்றூர் டீலரிடம் அந்தச் சீட்டே இருக்கவில்லை.

## ஆறு: சார்ஜர் சிக்ஸ்பேக்

பெயரிலேயே ஒரு சின்னக் குறும்பு. 1969-70-இல் டாட்ஜ் "சிக்ஸ் பேக்" என்று சொன்னது ஆறு சிலிண்டரை அல்ல. ஒரு பெரிய வி8 மேல் இரட்டை வாய் கார்புரேட்டர் மூன்றை வரிசையாக வைத்தார்கள், வாய் ஆறு. இப்போது அதே பெயரை நிஜமான ஆறு சிலிண்டருக்கு வைத்ததும் பழைய ரசிகர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டு ஓட்டினால், இது நல்ல எஞ்சின். ஹரிக்கேன் என்று பெயர். 2022-இல் ஜீப் வேகனியரில் வந்தது, ராம் டிரக்கிலும் இருக்கிறது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் என்பதால் அதிர்வுகள் தாமாகவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு டர்போ. 550 குதிரை வடிவில் 531 பவுண்டு-அடி, அதுவும் 3,500 ஆர்பிஎம்-இல். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் தொட 3.9 நொடி என்கிறது கம்பெனி. இவ்வளவு கனமான வண்டியில் அது சாதாரணமில்லை. நாலு சக்கர ஓட்டம் எல்லா மாடலிலும் உண்டு, பொத்தானை அமுக்கினால் பின் சக்கரம் மட்டும். பிப்ரவரியில் மிச்சிகனில் இந்த ஒரு விஷயமே மஸ்டாங்கை மூலையில் உட்கார வைத்துவிடும்.

பின்னால் கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் பெரிய டிக்கி, மடக்கக்கூடிய பின் சீட்டு, பெரியவர்கள் உட்காரும் இடம். 2,000 டாலர் கூடக் கொடுத்தால் நாலு கதவு. மசில் கார் ஆசையையும் குழந்தை சீட்டையும் ஒரே கராஜில் வைக்க வேறு வழி இன்று இல்லை.

செலவுகள்? டர்போ இரண்டு, அவற்றைக் குளிர்விக்கும் குழாய்கள், பம்புகள் என்று உறுப்பு அதிகம். வாரண்டி முடிந்தபின் பழுது வந்தால் ஜிடியைவிடப் பில் நீளும் என்று எதிர்பாருங்கள். பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராக மட்டுமே பாய்கிறது, ஆகவே நீண்ட காலத்தில் வால்வுக் கரி கவனிக்க வேண்டிய விஷயம். 550 குதிரை எஞ்சினுக்கு பிரீமியம் பெட்ரோல் கட்டாயம். பிரேக்கும் டயரும் அந்த எடையைச் சுமந்தே தேயும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இந்த வண்டி 206 அங்குலத்துக்கு மேல் நீளம், கண்ணாடி இல்லாமலே கிட்டத்தட்ட 80 அங்குல அகலம். மஸ்டாங்கைவிட ஒன்றரை அடி நீளம். ஒற்றைக் கராஜ் கதவு பல பழைய வீடுகளில் எட்டு அடிதான். டேப் எடுத்து அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

## மின்சாரம்: சார்ஜர் டேடோனா

வேகம் மட்டும் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, இதுதான். 670 குதிரை, 60 மைலுக்கு 3.3 நொடி. ஆனால் மசில் கார் வாங்குகிறவர்கள் வேகத்தை மட்டும் வாங்குவதில்லை என்பதை டாட்ஜே அறிந்திருந்தது. அதனால்தான் காற்றறைகளும் ஸ்பீக்கரும் வைத்து "ஃப்ராட்ஸானிக்" என்ற சத்தக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், சத்தத்துக்காகவே இவ்வளவு பாடுபட்ட காரை, பாதசாரிகளை எச்சரிக்கும் ஒலி வரவில்லை என்று 2025-இல் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. விலை குறைந்த ஆர்/டி மின்சார மாடலை 2026-க்கு எடுத்தேவிட்டார்கள்.

ஸ்கேட் பேக் ஒரு சார்ஜில் ஈபிஏ கணக்குப்படி 241 மைல். டிராக் பேக்கேஜ் சேர்த்தால் இன்னும் குறையும். குளிரில் அதற்கும் கீழே. வீட்டில் 240 வோல்ட் சார்ஜர் பொருத்தச் செலவு உண்டு, பழைய வீடாக இருந்து மின் பேனலை மாற்ற நேர்ந்தால் அது ஆயிரங்களில் போகும். 7,500 டாலர் மத்திய அரசுச் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. மிச்சிகன் போன்ற மாநிலங்களில் மின்கார்களுக்கு வருடாந்தரக் கூடுதல் பதிவுக் கட்டணமும் இருக்கிறது.

சொந்த வீடு, கராஜ், தினம் நாற்பது மைல், வீட்டில் இன்னொரு பெட்ரோல் வண்டி: இந்த நாலும் உள்ளவருக்கு லீஸில் நல்ல விலை கிடைத்தால் எடுக்கலாம். விலைக்கு வாங்குவதை நான் சொல்ல மாட்டேன்.

## உருவத்தில் என்ன எதிர்பார்க்கலாம்

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போதே முகத்தையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வந்த மஸ்டாங்கின் நீண்ட பானெட், குட்டையான பின்புறம், மூன்று கோட்டுப் பின் விளக்கு ஆகியவை இன்றும் அப்படியே. ஆனால் ஈகோபூஸ்டின் முகமும் ஜிடியின் முகமும் ஒன்றல்ல. ஜிடியில் காற்று போகும் வாய் பெரிது, பானெட்டில் துளை உண்டு, பின்னால் நாலு குழாய். விஷயம் தெரிந்தவர்கள் சிக்னலில் அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சார்ஜர் 1968 மாடலின் நினைவை வைத்துக்கொண்டு, தேவையற்ற கோடுகளைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறது. மின்சார வடிவத்தில் மூக்கின் நடுவே காற்று புகுந்து பானெட் மேல் வெளியேறும் இடைவெளி ஒன்று உண்டு. சிக்ஸ்பேக்கில் அது இல்லை, எஞ்சினுக்காகப் பானெட் உப்பியிருக்கும். என் கண்ணுக்கு இரண்டில் சிக்ஸ்பேக் அழகு. ஆனால் மொத்தத்தில் இது நேரில் ரொம்பப் பெரிய கார், படங்களில் அந்த அளவு தெரிவதில்லை.

உள்ளே இரண்டுமே திரைமயம். மஸ்டாங்கில் ஏசியைத் திருப்பக்கூடத் திரையைத் தொட வேண்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் திரையில் எண்பதுகளின் பச்சை மீட்டரை வரவழைக்கலாம், அது மட்டும் மனசைச் சமாதானம் செய்கிறது.

"அமெரிக்க" என்பதற்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். மஸ்டாங் மிச்சிகன் ஃப்ளாட் ராக்கில் கோர்க்கப்படுகிறது, ஆனால் அதன் வி8 வருவது நதிக்கு அந்தப் பக்கம், கனடாவின் வின்ட்சரிலிருந்து. சார்ஜர் முழுக்க வின்ட்சரிலேயே பிறக்கிறது, அதன் ஆறு சிலிண்டர் மெக்சிகோவில்.

## சரி, மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

ஆஸ்டின் தம்பிக்கு வயது இருபத்து நாலு, தினம் அறுபது மைல். பேஸ் ஈகோபூஸ்ட் என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டார். இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் வந்ததும் வருத்தம் குறைந்தது.

அண்ணனுக்கு மேனுவல் ஜிடி. யோசிக்கவே இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்டு அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது அவர் எந்த ஓட்டத்தில் எந்த கியரில் வருவார் என்பது எனக்கு இப்போதே கண்ணில் தெரிகிறது. அவர் மட்டும், "ராம் டிரக்கில் டாட்ஜ் குடும்பத்துப் பழைய ஹெமி வி8 திரும்பிவிட்டதே, சார்ஜருக்கும் வரும்வரை காத்திருக்கலாமா?" என்றார். அண்ணா, ஓய்வுக்கு இருப்பது நாலு வருடம், முட்டி வலிக்காமல் கிளட்ச் மிதிக்க எத்தனை வருடமோ, எடுத்துவிடுங்கள் என்றேன்.

நோவிக்காரருக்கு நாலு கதவு சிக்ஸ்பேக், 420 குதிரையே போதும் என்றேன். ஷோரூமில் பார்த்து, குழந்தை சீட்டு இரண்டையும் மாட்டிப் பார்த்து, மனைவியும் சம்மதித்து எல்லாம் முடிந்தது. போன வாரம் போன் செய்தார். அளந்து பார்த்தாராம், கராஜ் கதவு எட்டு அடிதானாம். காரைவிடப் பெரிய குரலில் கதவு மாற்றுகிறவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.